நாற்பது நிமிடம் யார் செத்தார்கள் என்று தெரியவில்லை

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த உத்தியோகம் இதுதான்: அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "நேத்து ரேடியோ கேட்டீங்களா?" என்று விசாரிப்பது. கேட்டேன் என்றால் எதைக் கேட்டீர்கள் என்று எழுதிக்கொள்வேன். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதிக்கொள்வேன். வானொலி நிலையத்தில் நேயர் ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருந்தது வெளியே யாருக்கும் தெரியாது. நிலையத்துக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்ளே ரேடியோவுல பாடுவாரா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, ரேடியோ கேக்கறவங்கள கேப்பான்" என்றார் என் அப்பா. அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுபோயிற்று.

போன மாதம் நிலையத்திலிருந்து இரண்டு இளையவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது யார் எந்த நிமிடத்தில் கேட்கத் தொடங்கினார்கள், எந்த நிமிடத்தில் விட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் கைபேசியே சொல்லிவிடுகிறதாம். "அப்ப நீங்க நடந்து நடந்து என்ன சார் பண்ணீங்க?" என்று அவர்களில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "விட்டுப் போனவன் ஏன் விட்டுப் போனான்னு உன் போன் சொல்லுமாம்மா?" என்றேன். சொல்லாது என்றாள். அப்படியானால் இதைக் கேள் என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி பதினைந்து நாள் சென்னையில். அங்கே சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் நினைவில்லை, மத்தியானம் தூங்கியது மட்டும் நினைவிருக்கிறது. வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பிரிவின் அதிகாரி கோமதி அம்மாள். மெலிந்த உருவம், மெல்லிய குரல், யாரையும் "நல்லா செஞ்சீங்க" என்று சொல்லாத வாய். அவரிடம் சில விதிகள் இருந்தன. ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு முதலில் போகக் கூடாது. போனால் அவர் சொன்னதையே ஊர் முழுக்கச் சொல்லும். ஒரு வீட்டில் கேட்டால் அடுத்த ஐந்து வீட்டை விட்டுவிட வேண்டும். "பிடிச்சுதா?" என்று கேட்கவே கூடாது, ஏனென்றால் நம் ஜனங்கள் வீட்டுக்கு வந்தவர் மனம் கோணாமல் "பிடிச்சுது" என்றுதான் சொல்வார்கள். "அதக் கேட்டப்ப என்ன வேலையா இருந்தீங்க? அந்த வேலைய நிறுத்தினீங்களா?" என்று கேட்க வேண்டும். கையில் இருந்த வேலையை நிறுத்தினார்களா இல்லையா என்பதுதான் அவருக்குப் பதில்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. ஒவ்வொரு நேயருக்கும் நாங்கள் நிரப்பும் கேள்வி அட்டையின் கடைசியில் மூன்று கோடு போட்ட இடம் இருக்கும். நேயர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே அங்கே எழுத வேண்டும். நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு விவசாயி "கருமம், நிறுத்துடான்னேன்" என்றதை "அவருக்கு நிகழ்ச்சியில் ஆர்வம் இல்லை" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "இது யாரோட பேச்சு? உங்களோடதா, அவரோடதா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கருமத்தைக் கருமம் என்றே எழுதினேன், ஒரே ஒரு முறை தவிர.

அந்த ஒரு முறை இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்தது. எங்கள் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை, லாரி ஓடவில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. சில ஊர்களில் உயிரும் போயிருந்தது. என் சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம் என்பதால், எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

எங்கள் நிலையம் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அந்த வாரம் ஒரு நாள் காலை நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டே பேர்: கட்டுப்பாட்டு அறையில் ஒரு இன்ஜினியர், பணிநேர அதிகாரியாக எஸ்தர். எஸ்தர் சின்னசேலத்துப் பெண். அப்பா அங்கே ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர். அந்த வீட்டில் முதல் அரசாங்க உத்தியோகம் இவளுடையது, அதுவும் சேர்ந்து ஒரு வருடம் முடியாத தகுதிகாண் காலம். பக்கத்து விடுதியில் தங்கியிருந்ததால் நடந்தே வந்துவிட்டாள். காலை நிகழ்ச்சிக்கு வர வேண்டிய கலைஞர்கள் வரவில்லை. அறிவிப்பாளர் வரவில்லை. ஒலிநாடா அலமாரிகளின் சாவி நூலகர் இடுப்பில், நூலகர் எங்கோ ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம்.

பூட்டாத அலமாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேற்கத்திய இசை. அதைப் பூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எஸ்தர் அதில் இருப்பதிலேயே நீளமான நாடாவை எடுத்தாள். நாற்பது நிமிடம் ஓடினால் அதற்குள் யாரையாவது போனில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மேற்கத்திய இசைக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பது அன்றைய வழக்கம். அப்படியே ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நாடாவை ஓடவிட்டாள்.

அது நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பது. இரண்டு வயலின், அதைவிடக் கனத்த குரலில் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் முனகிக்கொண்டு இன்னொன்று. நம் காலத்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடைசிக் காலத்தில் எழுதியதாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஓரிடத்தில்கூட வேகம் கிடையாது. தாளம் போட யாரும் இல்லை.

வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் விபரீதம் சொல்லாமலே புரியும். அந்தக் காலத்தில் பெரிய தலைவர் யாராவது இறந்தால் பாட்டு, நாடகம், விளம்பரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நாள் முழுக்கச் சோகமாக வாத்தியம் மட்டும் வாசிப்பார்கள். செய்தி பிறகு வரும், தந்தி முதலில் அழும். வழக்கமான நிகழ்ச்சி வராமல் வயலின் இழுத்தால் நம் ஜனங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாரு?

நிலையத்தின் போன் மணி நிற்கவில்லை. நாடா முடிந்ததும் எஸ்தர் தமிழில், "இதுவரை நீங்கள் கேட்டது வெளிநாட்டு இசை" என்று சொன்னாள். ஆனால் அதற்குள் மூன்று தாலுகாவில் கடைகளுக்குக் கதவு சாத்தியாயிற்று. மறுநாளே மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பதற்றமான நேரத்தில் பொதுமக்களிடையே பீதி உண்டாகும்படி நடந்துகொண்டதாக எஸ்தருக்கு மெமோ வந்தது. தகுதிகாண் காலத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு கையெழுத்து போதும். எங்கள் நிலைய இயக்குநர் கெட்டவர் இல்லை, காகிதத்தை நம்புகிறவர். "பீதி உண்டாச்சா இல்லையான்னு ஊர்ல கேட்டு எழுதிக் கொண்டாங்க, அதவச்சு முடிவு பண்ணிக்கலாம்" என்றார். கேட்டு எழுத வேண்டியவன் நான்.

கிளம்பும் முன் எஸ்தர் என் மேசைக்கு வந்தாள். "இருக்கறத எழுதுங்கண்ணா. நான் வேணும்னு பண்ணலன்னு ஒரு எடத்துலயாவது எழுத முடியுமா?" என்றாள். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். சொன்ன பிறகு அந்தப் பதில் எனக்கே கசந்தது.

நான்கு நாள் அலைந்தேன். மரங்களை ஒதுக்கி வழி விட்டிருந்தார்கள், பாதி தூரம் பஸ், மீதி வாடகை சைக்கிள். உளுந்தூர்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர், "பாய்லர எறக்கிட்டேங்க. யாரோ பெரிய தல போயிடுச்சின்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா வெள்ளக்காரன் பாட்டாம். அரை நாள் யாவாரம் கம்மி. உங்க ஆபீசுல யாருக்கும் அறிவே கெடயாதா?" என்றார். அதை அப்படியே எழுதினேன். ரிஷிவந்தியத்தில் ஒரு நிலக்காரர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தலைக்குக் குளித்தாராம். "சும்மா குளிச்ச குளியல யாரு திருப்பித் தருவாங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அதையும் எழுதினேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு குடிசை வாசலில் கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரைக் கேட்டேன். பேட்டரி ரேடியோ வைத்திருந்தார்.

"அதக் கேட்டப்ப இன்னா வேலையா இருந்தீங்க?"

"இதேதான், கடுக்கா ஒடச்சிக்கினு."

"நிறுத்தினீங்களா?"

"நிறுத்திட்டேன். எழவு வூட்ல நாலு பேரு பேசிக்கிற மாதிரி இருந்திச்சி. பாஷை தெரியல. ஆனா ஒருத்தரு பேசறப்ப இன்னொருத்தரு குறுக்க வுழல. நம்ம ஊர்ல அப்பிடி எவன் பேசறான்?"

யார் இறந்ததாக நினைத்தீர்கள் என்று கேட்டேன். "யாரோ. நம்ம வூட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுத்தியலை எடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. ஆனால் எஸ்தருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கடைசி நாள் கள்ளக்குறிச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, மரம் வெட்டிப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கோவிந்தன் என்பவரைக் கேட்டேன். குத்தகைக்குப் பயிர் வைப்பவர், முப்பது வயது இருக்கும். மறியலில் முன்வரிசையில் நின்றவர் என்று அவரே சொன்னார். அன்று காலை மரத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் போலீஸ். பேச்சு முற்றி, இவர்கள் கையில் கல், அவர்கள் கையில் லத்தி. பின்னால் பத்து பஸ் நிற்கிறது, உள்ளே ஜனங்கள். அந்த நேரம் பார்த்து ஓரத்து டீக்கடை ரேடியோவில் வயலின் இழுத்திருக்கிறது.

"எங்க தலைவரு போயிட்டாருன்னுதாங்க மொதல்ல நெனச்சேன்" என்றார் கோவிந்தன். "அப்பிடி மட்டும் இருந்திருந்தா அந்தப் பத்து பஸ்ஸயும் கொளுத்தியிருப்போம். மொத தீக்குச்சி நான்தான் கிழிச்சிருப்பேன்."

"அப்பறம் ஏன் கிழிக்கல?"

"யாருன்னு தெரியணுமில்ல? எங்காளுன்னா கொளுத்தணும். வேற தலைவரா இருந்தா கையக் கட்டிக்கினு வூட்டுக்குப் போவணும். தெரியாம இன்னா பண்றது? ரேடியோகாரன் சொல்லட்டும்னு நின்னோம். அவன் சொல்லவே இல்ல. இழுத்துக்கினே கெடக்கறான். போலீசும் தொப்பியக் கழட்டிட்டு நிக்கிது. நின்னு நின்னு காலு வலிச்சி மரத்து மேல குந்திட்டேன். கல்லு எப்ப கீழ போட்டேன்னே தெரியல. கடைசியில வெள்ளக்காரன் பாட்டுன்னு சொன்னாங்க பாருங்க, ஏட்டய்யா சிரிச்சாரு, நானும் சிரிச்சிட்டேன். சிரிச்சப்பறம் எப்பிடிங்க அடிச்சிக்கறது?"

பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கி, நடந்து மரத்தைத் தாண்ட விட்டார்களாம். யாருக்கும் அடி இல்லை.

எனக்கு அங்கேயே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. எஸ்தரைக் காப்பாற்ற இந்த ஒரு அட்டை போதும். ஆனால் அந்தத் தீக்குச்சி. அதை எழுதினால் இயக்குநர் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். இந்த இசையால் பத்து பஸ் எரிய இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தீக்குச்சியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினேன். "இசை கேட்டதும் அனைவரும் அமைதியாகி அமர்ந்துவிட்டோம்." என் கையெழுத்தில், என் பேச்சில்.

மறுநாள் கோமதி அம்மாள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மலையம்மாவின் அட்டையை இரண்டு தடவை படித்தார். கோவிந்தன் அட்டை வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது கார்டு இருக்கு. இருபத்தொன்பது பேரும் அவங்கவங்க பேச்சுல பேசறாங்க. இவர் மட்டும் உங்க பேச்சுல பேசறாரு. ஏன்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே, "வண்டிக்குச் சொல்லுங்க, நாளைக்குப் போலாம்" என்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்குப் பதில் ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம். என் வேலையும் போகப்போகிறது, எஸ்தர் வேலையும் என்னாலேயே போகப்போகிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

கோவிந்தன் எங்களைக் கண்டதும் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். அம்மாள் உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே கேட்டார். கோவிந்தன் தீக்குச்சி உட்பட எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், போன தடவையைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அம்மாள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தப் பக்கம் நின்ன ஏட்டு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

ஏட்டைக் கள்ளக்குறிச்சியில் பிடித்தோம். பெயர் போட மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகே பேசினார். "உண்மைதாம்மா. யாரோ பெரியவர் எறந்துட்டார்னுதான் தொப்பியக் கழட்டினேன். மேலேருந்து இன்னா ஆர்டர் வரும்னு தெரியல, ஆர்டர் வராம கை வக்கக் கூடாதுன்னு எங்காளுங்கள நிறுத்திட்டேன். அது முடியறதுக்குள்ள ரெண்டு பக்கமும் சூடு எறங்கிடுச்சி. அவனுங்க கல்ல ஓங்கினது நெசம், நாங்க லத்திய ஓங்கினதும் நெசம். அதயும் எழுதிக்குங்க." அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தீக்குச்சி இல்லாம அந்தக் கார்ட யாரு நம்புவாங்க? கொளுத்தறதா இருந்தவன் கொளுத்தலங்கறதுதானே விஷயம்?" என் பழைய அட்டையை என் மடியில் வைத்தார். அதை நான் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஒலிபரப்புக்கும் மதிய ஒலிபரப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில் இயக்குநர் அறையில் கூடினோம். அவர், அம்மாள், நான், எஸ்தர். எஸ்தர் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாள் எல்லா அட்டையையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார். டீக்கடைக்காரர் எங்களுக்கு அறிவு கிடையாது என்றது வந்தபோது இயக்குநர் என்னை முறைத்தார். தீக்குச்சி வந்தது. நான் தரையைப் பார்த்தேன். ஏட்டு சொன்னது வந்தது.

"சரி. அப்படி என்னதான் இருக்கு அதுல? நான் கேட்டதில்ல. போடச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போயிற்று. இயக்குநர் மேசை மேல் இருந்த ஒலிபெருக்கியில் அந்த நான்கு தந்திகளும் தொடங்கின. பத்து நிமிடம் ஆகியிருக்கும். இயக்குநர் பேனாவை மூடி வைத்திருந்தார், அம்மாள் கண்ணை மூடியிருந்தார். வெளியே தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு கிசுகிசு. கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு தலைமை எழுத்தர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவு முழுக்க நின்றது. கேண்டீன்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். இன்ஜினியர் அவசரத்தில் நிலையத்தின் எல்லா அறை ஒலிபெருக்கிக்கும் சேர்த்து விட்டுவிட்டார்.

"சார்" என்றார் தலைமை எழுத்தர். "யாரு சார்?"

இயக்குநர் புரியாமல் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"கொடிய அரைக் கம்பத்துல எறக்கச் சொல்லிட்டேன் சார். லீவு சர்க்குலர் டைப் அடிச்சாச்சு, பேரு மட்டும் போடணும்."

இயக்குநர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கோமதி அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கிற்று. தலைமை எழுத்தர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு இயக்குநர் எஸ்தரின் மெமோவை எடுத்து அதன் குறுக்கே, "விளக்கம் ஏற்கப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பீதின்னா நம்ம ஆபீசுதான் மொத ஆளு. முதல்ல கொடிய ஏத்தச் சொல்லுங்க" என்றார். நான் அவர் அறை என்பதையும் மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகும் யாரும் நாடாவை நிறுத்தச் சொல்லவில்லை. எஸ்தர் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கி நான் இதக் கேக்கவே இல்லண்ணா" என்றாள். "யாராவது வருவாங்களான்னு கதவயே பாத்துக்கினு, போனச் சுத்திக்கினு இருந்தேன். காதுல ஒண்ணும் வுழல. இன்னிக்குதான் கேக்கறேன்."

பழக்க தோஷம், என் கை பையில் அட்டையைத் தேடியது. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று முறைப்படி கேட்டேன். சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்:

"யாரும் சாவலன்னு தெரிஞ்சிக்கினு கேட்டா, நல்லாதாங்க இருக்கு."